கடல் ஏறுகிறது என்பதைக் கவிதையாகச் சொல்லும் முறை

2014 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பருவநிலை உச்சி மாநாடு தொடங்கியது. உலகத் தலைவர்கள் நிறைந்த அவையில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த கேத்தி ஜெட்னில்-கிஜினர் ஒரு கவிதையை நிகழ்த்தினார். குடிமக்கள் அமைப்புகளின் சார்பில் பேச, நூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஐந்நூறுக்கும் அதிகமான பெயர்களிலிருந்து தேர்வானவர் அவர். கவிதை முடிந்ததும் கணவரும் கைக்குழந்தையும் மேடைக்கு வர, அவை எழுந்து நின்று கைதட்டியது. பெரிய நெருக்கடி ஒன்றை நிகழ்த்துக் கவிதையாக்க விரும்பும் இளைஞர்கள் இவருடைய வேலைமுறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதலில், யாரிடம் பேசுகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். ‘மனித குலமே’ என்று விளித்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேத்தி விளித்தது தன் மகள் மட்டாஃபெலே பெய்னமை. அவள் அப்போது ஏழு மாதக் குழந்தை. ஒரு தாய் மகளுக்குக் கொடுக்கும் வாக்கைப் பக்கத்தில் இருந்து கேட்கிறவர்களாக அதிபர்களும் பிரதமர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுவிட்டால் அந்த வாக்குக்கு அவர்களும் சாட்சி. கவிதையின் பாதி பலம் இந்தத் தேர்விலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் வரி எழுதுவதற்கு முன் இதற்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

அடுத்து, நெருக்கடியைக் கையில் எடுக்கக்கூடிய பொருள்களாக மாற்ற வேண்டும். மார்ஷல் தீவுகள் கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 2 மீட்டர் உயரம்தான். அந்த எண் அறிக்கைக்குப் போதும். கவிதைக்கோ வீட்டுக்குள் புகும் அலையும் உப்பேறி வாடும் சீமைப்பலா மரமும் தேவை. ‘டெல் தெம்’ என்ற கவிதையை அவர் அமெரிக்க நண்பர்களுக்கு அனுப்பும் ஒரு பொதியிலிருந்து தொடங்குகிறார். உள்ளே காதணிகளும் பின்னிய கூடைகளும். இவை எங்கிருந்து வந்தவை என்று யாராவது கேட்டால் இன்னின்னதைச் சொல்லுங்கள் என்று அடுக்கும்போது தீவும் மக்களும் கடலும் தாமாக வந்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் மாறிப்போனவற்றைப் பட்டியலிடுங்கள். அதில் உங்கள் கை தொட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

சில விஷயங்கள் பட்டியலுக்கு அடங்காது. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அவற்றில் ஒன்றான ரூனிட் தீவில், ஒரு குண்டு தோண்டிய பள்ளத்திலேயே கதிரியக்கக் கழிவைக் கொட்டிக் கான்கிரீட்டால் மூடியிருக்கிறார்கள். 2018-ல் வெளிவந்த ‘அனாயின்டட்’ கவிதைப் படத்துக்காக கேத்தி அந்த மூடியின் மேலேயே நடந்தார். அங்கே அவருக்குக் கைகொடுத்தது ஒரு பழங்கதை. ஆமைத் தெய்வத்தின் மகன் லெட்டாவோ விறகாக மாறி ஒரு சிறுவனுக்கு நெருப்பாகிறான்; சிறுவன் கையில் ஊரே எரிந்துபோகப் பார்க்கிறது. அந்தக் கதையைக் கேட்டவருக்குக் குண்டைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. உங்கள் பாட்டி சொன்ன கதைகளிலும் தேடுங்கள்.

பிறகு, அடுத்தவர் துயரத்துக்கும் இடம் விடுங்கள். ஐ.நா. கவிதையில் கேத்தி, தம் மக்களைப் போலவே கடல் ஏற்றத்தின் அச்சுறுத்தலில் வாழும் பப்புவா நியூ கினியின் கார்ட்டரெட் தீவினரையும் சாலமன் தீவுகளின் டாரோ மக்களையும் பெயர் சொல்லி அழைக்கிறார்.

இனி வாய்க்கு வேலை. எழுதியதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வரியை உடையுங்கள், நாக்கு இடறினால் சொல்லை மாற்றுங்கள். நம் கவியரங்கில் பிடித்த வரியை மறுபடி கேட்டு வாங்கலாம். ஸ்லாம் என்னும் நிகழ்த்துக் கவிதைப் போட்டி மேடையில் பொதுவாக 3 நிமிடம்தான், திரும்பக் கேட்க வழியில்லை. எனவே, மனத்தில் தங்க வேண்டிய சொல் கவிதைக்குள்ளேயே திரும்ப வரட்டும். மனப்பாடம் ஆனதும் வேகத்தைக் குறையுங்கள். கோபம் மிகுந்த வரியைத்தான் ஆக மெதுவாகச் சொல்ல வேண்டும். கத்தினால் சொல் காதில் விழாது.

கவிதை யாரை விளிக்கிறதோ அவரிடம் முதலில் சொல்லிக் காட்டுங்கள். அவர் நம்பிய பிறகு மேடை ஏறுங்கள்.