மாமரத்தடியில் கனகாம்பரம்

பாலக்கோட்டுக்காரி தக்காளி வைக்காமல் இருப்பாளா? எங்கள் பெங்களூரா மாந்தோப்பில், மரத்துக்கு மரம் முப்பதடி இடம் சும்மா கிடக்கிறதே என்று நானும் வைத்தேன். வெயில் தேடிச் செடி நீண்டது, காய்க்கவில்லை. அப்போதுதான் ஆயா கிணற்றடி வேம்புக்குக் கீழே வளர்த்த கனகாம்பரம் நினைவுக்கு வந்தது. "பொட்டல்ல வெச்சா இலை வெளுக்கும், இருட்டுல வெச்சா பூ வராது. புள்ளி புள்ளியா வெயில் விழற எடம் வேணும்" என்பாள்.

ஆயா சொன்னதில் ஆச்சரியமில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டு மரங்களின் கீழே தானாக வளரும் செடி இது. டிசம்பர் பூ, ஆடாதோடை, நிலவேம்பு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான். ஒருமுறை வேர் பிடித்தால் சில வருடம் நின்று பூக்கும்.

மாங்காய் இறக்கியதும் தாழ்ந்த கிளைகளைக் கழித்தேன். ஆடியில் டெல்லி கனகாம்பரக் குச்சிகளை நட்டேன், வரிசைக்கு வரிசை இரண்டடி விட்டு. டெல்லி ரகத்துக்கு விதை கிடையாது. வழக்கமாக இரண்டு தொகுதியாக இருக்கவேண்டிய குரோமோசோம்கள் இதில் மூன்று தொகுதி. விதை உருவாகும்போது கணக்கு உதைக்கிறது. அதனால் குச்சி ஒடித்து வேர் விடவைத்துத்தான் பெருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் பூத்தது. அடுத்த கோடையில் செடிகள் மஞ்சளாகிக் குன்றின. உரக்குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டினேன், பணம்தான் போனது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுவுக்குத் தக்காளி வேரும் விருந்துதான். காய்க்காத என் தக்காளி மண்ணில் விட்டுப்போன சொத்து!

கெட்ட செடிகளை வேரோடு எடுத்து எரித்தேன். அந்த இடத்தில் வேப்பம்பிண்ணாக்கு போட்டுக் கொத்திவிட்டு, வெயில் படும் ஓரமெல்லாம் செண்டுமல்லி நட்டேன். செண்டுமல்லி வேரில் ஊறும் சாறு நூற்புழுவுக்கு ஆகாது. ஒரு வருடம் கழித்து, புழு இல்லாத மண்ணில் வேர்விட்ட புதுக் குச்சிகளைத்தான் வைத்தேன். தண்ணீரும் தேங்கவிடுவதில்லை, தேங்கினால் வாடல் நோய் வரும்.

பறிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். கதிரில் அடியிலிருந்து மேலே வரிசையாகப் பூக்கும். மலர்ந்ததை மட்டும் மெல்ல உருவ வேண்டும், மொட்டு நசுங்கக்கூடாது. செடியிலேயே வாடாமல் நிற்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போனால் போதும். விடியலிலிருந்து குனிந்து பறித்தாலும் கூடை நிறையுமே தவிர தராசு இறங்காது. அவ்வளவு லேசு. மணமும் இல்லை. ஆனாலும் மல்லிகைக்கு நடுவே இதை வைத்துக் கட்டினால்தான் சரத்துக்கு நிறம் வருகிறது.

விதை பிடிக்கும் பழைய ரகச் செடி நாலைக் கிணற்றடியில் விட்டுவைத்திருக்கிறேன். வருமானத்துக்கு அல்ல. காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் முதலில் ஓடுவது அங்கேதான், வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு.