பங்கில் யாருக்கு என்ன பங்கு?

உத்திரமேரூர் என்றதும் நமக்குக் குடவோலைதான் ஞாபகம் வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) சபையில் உட்காரும் தகுதி பற்றிப் பேசுகின்றன. கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயசு, வேதப் பயிற்சி. 'பழந்தமிழர் ஜனநாயகம்' என்று பாடப்புத்தகம் கொண்டாடுவது இதைத்தான். நிலமில்லாதவனுக்கும் வேதம் மறுக்கப்பட்டவனுக்கும் அங்கே இடமில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

இதே வட்டாரத்தில் 'சபை' என்ற சொல் இன்னொரு அர்த்தத்திலும் புழங்குகிறது. கத்தோலிக்கர்களுக்குத் திருச்சபை உண்டு. அதற்குள் துறவிகளின் சபைகள் பல. 2002இல் சென்னை - மயிலையிலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் இந்தப் பகுதி இருக்கிறது. ஆயருக்குக் கீழே பங்குகள், பங்குக்குச் சாமியார், கோயிலை ஒட்டிப் பல இடங்களில் கன்னியர் மடம். வெளியே இருந்து பார்க்கிற நமக்குச் சாமியாரும் சிஸ்டரும் ஒன்றுபோலத் தெரியும். அப்படி இல்லை.

சாமியார் என்பது ஒரு பதவி. குருப்பட்டத்தால் வருவது. சிஸ்டர் என்பது ஒரு வாழ்நிலை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளால் வருவது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டம், அர்ப்பண வாழ்வு அதன் இயல்பிலேயே குருநிலையும் அல்ல, பொதுநிலையும் அல்ல என்கிறது (588). கேட்க உயர்வாக இருக்கிறது. நடைமுறையில் என்ன? பூசை, பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல் எல்லாம் சாமியாரிடம். பங்கின் நிர்வாகமும் அவரிடம். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், பாட்டுக்குழு, பீடத்துத் துணி, சீக்காளி வீட்டுக்குப் போய்வருவது, பள்ளிக்கூடம், மருந்தகம் என்று அன்றாட உழைப்பில் பெரும்பகுதி சிஸ்டர்களிடம். பீடத்தில் வாசிக்கும் பணியையும் பீடப்பணியையும் பெண்களுக்கு முறைப்படி வழங்கலாம் என்று சட்டம் மாறியதே 2021இல்தான். உழைப்பில் பங்கு உண்டு, அதிகாரத்தில் பங்கு இல்லை என்பதுதான் பங்குக்குள் பெண் துறவியின் இடம்.

இதை வைத்துத் துறவறமே பெண்ணை ஒடுக்கும் ஏற்பாடு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1844இல் புதுச்சேரியில் துய்புயி என்ற பிரெஞ்சுக் குரு தொடங்கிய கன்னியர் சபை பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தது. 1863இல் திருவள்ளூர்ப் பக்கம் கீழச்சேரியில் தலித் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஞானம்மா, ஐந்து பிள்ளைகளைப் பெற்ற விதவை. அன்னம்மாள் பெயரிலான துறவு சபை அவரிடமிருந்துதான் வந்தது. கல்யாணம், பிள்ளைப்பேறு, தாலியறுப்பு என்று மூன்றே வழி இருந்த காலத்தில் மடம் நான்காவது வழியாக இருந்திருக்கிறது. அந்த வழியில் யார், எந்த நிபந்தனையின் பேரில் நடக்க முடிந்தது என்பதுதான் நம் கேள்வி.

ஏழ்மை வார்த்தைப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். துறவி தன் உழைப்பால் சம்பாதிப்பதும், பென்ஷனாக வருவதும் சபைக்கே சேரும் (668). ஆள் ஏழை, சபை உடைமையாளர். அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சிஸ்டர்களின் சம்பளத்தில் வரி பிடிக்கலாமா என்ற வழக்கில் இது வெளிச்சத்துக்கு வந்தது. வார்த்தைப்பாடு கொடுத்தவர் சிவில் மரணம் அடைந்தவர், சம்பளம் அவருடையதே அல்ல என்று சபைகள் வாதாடின. 2019இல் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு இதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் 93 மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் ஆளுக்குத்தான் வருகிறது, வரி பிடிக்கலாம் என்று ஆகிவிட்டது. வரி ஒருபக்கம் இருக்கட்டும். பள்ளியில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் பெண்ணைச் சட்டத்தின் முன் 'செத்தவள்' என்று சொல்ல வேண்டிய வாதம் அது. அதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பாமாவைப் பேசாமல் நகர முடியாது. புதுப்பட்டியில் பிறந்தவர். ஆசிரியையாக இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும் என்று மடத்துக்குப் போனவர். ஏழு வருஷம் கழித்து 1992இல் வெளியே வந்தார். 'கருக்கு' அதே வருஷம் வந்தது, அதுவும் இயேசு சபையாரின் மதுரை 'ஐடியாஸ்' மையம் வழியாக. வெளியே வந்தபின் அவர் ஆசிரியையாகி வாழ்ந்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். மடத்துக்குள் அவர் பார்த்தது வசதி. அவருக்குக் கிடைத்த வேலை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது. சேரியிலிருந்து வந்தவளுக்குச் சாதி உள்ளேயும் காத்துக்கொண்டிருந்தது.

'கருக்கு' மடத்து ஊழலை அம்பலப்படுத்திய நூல் என்று வாசிப்பவர்கள் அதைச் சின்னதாக்கிவிடுகிறார்கள். அது வார்த்தைப்பாட்டின் அர்த்தத்தையே திருப்பிக் கேட்கிறது. துறப்பதற்கு ஏதாவது இருக்கிறவருக்குத்தான் ஏழ்மை ஒரு வார்த்தைப்பாடு. பசியோடு வளர்ந்தவளுக்கு மடத்துச் சாப்பாடே முதல் வசதி, அந்த வசதியே அவளை அவள் சனத்திடமிருந்து பிரிக்கிற மதில். கீழ்ப்படிதலும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகக் கீழ்ப்படிய வைக்கப்பட்டவளிடம் அதையே புண்ணியமாகக் கேட்பது என்ன நியாயம்?

இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்கிறது, தலைமையில் அவர்கள் பங்கு மிகச் சொற்பம் என்றும் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டது நல்லது. ஒப்புதல் வாக்குமூலத்துக்குப் பிறகு பரிகாரம் உண்டு என்று அவர்களுடைய ஞானோபதேசமே சொல்கிறது.

பரிகாரத்தை எங்கே தொடங்கலாம்? வெளியே வருகிறவளிடமிருந்து தொடங்கலாம். சபையை விட்டுப் போகிறவர் அங்கே செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது சட்டம் (702). அவரிடம் சபை நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்று அடுத்த வரியில் சேர்த்துக்கொள்கிறது. உரிமை இருக்க வேண்டிய இடத்தில் கருணை உட்கார்ந்திருக்கிறது. இருபது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் கைப்பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, ஊர் 'மடத்தை விட்டு ஓடி வந்தவ' என்கும். பிறந்த வீட்டில் பாகம் பிரித்தாகியிருக்கும்.

அவளுக்கு உழைப்பின் கணக்கைத் தீர்த்துத் தருகிற சபை எது, மதிலின் வாசலைச் சேரிப் பக்கம் திறந்து வைக்கிற சபை எது என்று பங்கு மக்கள் கேட்க வேண்டும். பங்குப் பேரவையில் அதைக் கேட்க யாருக்கும் குருப்பட்டம் தேவையில்லை. கால்வேலி நிலமும் தேவையில்லை.