மரத்துக்குக்கூட ஒரு நாள் ஓய்வு உண்டு



மன உளைச்சலைக் குறைப்பது எப்படி என்ற தலைப்பில் ஈப்போவில் ஒரு தொலைக்காட்சிக் கருத்தரங்கைப் பதிவு செய்தோம். நான் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் ஓர் அக்கா கையை உயர்த்தினார். இரவு வேலை முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு நேராக அரங்கத்துக்கு வந்திருந்தார்.

"தம்பி, ஓய்வெடுங்க, ஓய்வெடுங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. எப்ப எடுக்கிறது? அதைச் சொல்லுங்க" என்றார். அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பால் இறங்கும் நேரம்

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார். குளிர்ந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், விடியும் முன்பே பிரட்டில் நிற்க வேண்டும். இன்று வெட்டிய நிரையை மறுநாள் தொடமாட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டு. ஓய்வு கொடுக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டை காய்ந்து, பால் வருவதே நின்றுவிடும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது.

மரத்துக்கு ஓய்வு கிடைத்தது. அம்மாவுக்கு? மறுநாள் அவர் வேறு நிரைக்குப் போனார்.

ஆனாலும் அந்த வேலைக்குள்ளேயே ஓர் இடைவெளி இருந்தது. வெட்டி முடித்த பிறகு, மங்கில் பால் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பசியாறுவார்கள். வீட்டுக் கவலைகளைச் சொல்லித் தீர்ப்பார்கள். தோட்ட வாழ்க்கை சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்த சம்பளமும் கொசுக்கடியும் எங்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த இடைவெளியை மட்டும் யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1990களின் இறுதியில் நாங்கள் ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அம்மா தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே இயந்திரம் யாருக்காகவும் காத்திருக்காது. பால் இறங்கும் நேரம் எங்கள் வாழ்க்கையிலிருந்து காணாமல் போனது.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஆபத்தைக் கண்டால் உடல் எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ தயாராகிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகள் இறுகுகின்றன. செரிமானம் மெதுவாகிறது.

நிரையில் பாம்பைக் கண்டால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். பாம்பு போனதும் உடலும் அடங்கிவிடும். ஆனால் மோட்டார் சைக்கிள் தவணையும், மேற்பார்வையாளரின் வாட்சாப் செய்தியும் அப்படிப் போய்விடுவதில்லையே! உடல் நாள் முழுவதும் பாம்பைப் பார்த்தபடியே நிற்கிறது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, பிள்ளைகள் மீது காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இதனால் வரலாம்.

எளிய வழிகள் ஐந்து

1. மூச்சு: நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வயிறு உயர்ந்து தாழட்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வரும். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

2. தசை: சிக்காகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக எழுதிய முறையிலிருந்து வந்த பயிற்சி இது. கை முட்டியை ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். பிறகு தோள், முகம், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இறுகியிருப்பது எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

3. நடை: வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் நடக்கக் காசு கேட்பதில்லை. அங்கே போக முடியாதவர்கள் வீட்டைச் சுற்றி நடக்கலாம்.

4. தூக்கம்: கோப்பியில் உள்ள கஃபீனில் பாதி, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். மாலைக் கோப்பியைக் குறைத்துப் பாருங்கள். கைப்பேசி படுக்கைக்கு வெளியே தூங்கட்டும்.

5. பேச்சு: பால் இறங்கும் நேரத்தில் அம்மாக்கள் செய்தது இதைத்தான். தீர்வு சொல்லாமல் காது கொடுக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

ஓய்வுபோல் வேடமிடுபவை

தோட்டத்தில் ஆண்களுக்குக் கிடைத்த ஓய்வு பெரும்பாலும் கள்ளுக்கடைதான். அதில் கரைந்த குடும்பங்களை நாம் அறிவோம். மது சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். காலையில் களைப்போடு கடனும் சேர்ந்து எழுந்திருக்கும்.

மூச்சுப் பயிற்சியில் தீராதவை

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடன்காரன் கதவைத் தட்டும்போது மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. கடன் சுமைக்கு ஏ.கே.பி.கே. நிறுவனத்தில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த நிறுவனம் அது.

மனச் சோர்வும் எதிலும் ஈடுபாடின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பெரியவர்கள் மனச்சோர்வு நோயோடு வாழ்வதாக 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கூறியது. அப்படியிருந்தும் நாம் ஏன் வாய் திறப்பதில்லை? பேராக்கில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரையே நாம் கேலிப் பேச்சாக்கிவிட்டோம். அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ!

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-76272929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் செவிசாய்க்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்கப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த அக்காவின் கேள்வி

இனி அந்த அக்காவிடம் வருவோம். "வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன், கீழே இருக்கும் பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள் அக்கா. அது உங்கள் நேரம்" என்றேன்.

"பத்து நிமிஷமா? வீட்ல தேடுவாங்களே!"

பின் வரிசையிலிருந்து ஒரு பாட்டி குரல் கொடுத்தார்: "பால் இறங்க நேரமாகும்னு சொல்லிடும்மா!"

இந்த முறை அந்த அக்காவும் சிரித்தார்.

அவரைத் தேடுகிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் அரிசியைக் களைந்து அடுப்பில் வையுங்கள்.