பால் வடியும் செடி, பூட்டிய பூ

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்றால் மாடு மேயும் மானாவாரிக் காடு. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. வேலியோரத்தில் யாரும் நடாமலே எருக்கும் ஆவாரையும் நிற்கும். புல் கருகிய கோடையில் பூச்சி பார்க்க ஆசைப்பட்டால் நடுக்காட்டில் நின்று பயனில்லை. இந்த ஓரத்துக்குத்தான் வர வேண்டும்.

எருக்கிலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதில் உண்டு. காற்றுப் பட்டதும் பிசினாகிக் கடித்த பூச்சியின் வாயையே ஒட்டிவிடும். அதில்தான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடுகிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள் கொண்ட அதன் புழு எருக்கிலையைத் தின்றே வளர்கிறது. நஞ்சில் ஒரு பங்கை உடலில் சேர்த்துக்கொள்ளவும் அதனால் முடியும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை தயங்கும். வேறு குலத்து வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பெண்ணும் வெந்தய வரியனைப் போலவே வேடம் போட்டுத் திரிகிறது. எருக்கிலையை ஒரு கடிகூடக் கடிக்காத அதுவும் எருக்கின் தயவில்தான் பிழைக்கிறது.

நீலப்பச்சையில் மஞ்சள் கோடிட்ட எருக்கு வெட்டுக்கிளியும் இங்கேதான் குடியிருக்கிறது. அதன் குஞ்சைப் பிடித்தால் ஒரு திரவத்தைப் பீய்ச்சியடிக்கும். சிறு வயதில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆவாரை வேறு மாதிரி கறார். பூத்துக் குலுங்கும் அந்த மஞ்சளில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. மகரந்தமும் வெளியே தூவிக் கிடப்பதில்லை. குழல் போன்ற மகரந்தப்பையின் நுனியில் சிறு துளை மட்டும் இருக்கிறது. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ வந்து பையைக் கட்டிப்பிடித்து, பறக்கப் பயன்படும் தசைகளை அதிரவிடுகிறது. பறக்கும் ரீங்காரத்தைவிடக் கீச்சென்று ஒரு சுருதி எழும். துளை வழியே மகரந்தம் உதிரும். பெட்டி வைத்து வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

பூவில் வைக்காத தேனை ஆவாரை இலைக்காம்பில் வைத்திருக்கிறது. இணையிணையான சிற்றிலைகளுக்கு நடுவே குச்சி போல் நிற்கும் சுரப்பிகளைப் பாருங்கள், எறும்புகள் நக்கிக்கொண்டிருக்கும். எறும்பு உலவும் செடியில் புழு நிம்மதியாகத் தின்ன முடியாது. ஒருவகையில் இது காவல் கூலி. அப்படியும் சில வண்ணத்துப்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் இலைநரம்போடு நரம்பாக ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிடுகின்றன. பூவிலோ, மஞ்சளோடு மஞ்சளாக நண்டுச் சிலந்தி. அது வலை பின்னுவதில்லை, முன்கால்களை விரித்துக் காத்திருக்கிறது. சில நாட்களில் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொள்ளும் இனங்களும் அந்தக் குடும்பத்தில் உண்டு.

இவை விருந்து வைக்கும் செடிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருகிறவர்களையெல்லாம் விரட்டுகிற செடிகள். நஞ்சும் மூடிய பையும் ஒவ்வொரு பூட்டு. சாவி செய்துகொள்ளப் பூச்சிகளுக்கு எண்ணற்ற தலைமுறைகள் ஆகியிருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடியையும் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கத்தான் செய்கின்றன. ஆனால் தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அதன் இலையைத் தின்று வளரும் உள்ளூர்ப் புழுக்கள் மிகக் குறைவு. உண்ணிச்செடி டீக்கடை, ஆவாரை தாய்வீடு.

முள்ளுக்கும் குடித்தனக்காரர் உண்டு. தென்னிந்திய வறண்ட வெளிகளின் முட்புதர்களில் அழுக்குப் பஞ்சு போல ஒரு கூடு தொங்கினால், உள்ளே சமூகச் சிலந்திகள் இருக்கலாம். சிலந்தி தனிக்காட்டு ராஜா என்பார்கள். இவை நூற்றுக்கணக்கில்கூடச் சேர்ந்து வாழும். வலையில் பசைத் துளிகள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளின் பஞ்சுதான் இரையைப் பிடித்துக்கொள்கிறது. வறண்ட காற்றில் உலர்ந்துபோக அதில் எதுவும் கிடையாது. வெட்டுக்கிளி விழுந்தால் பல சிலந்திகள் ஓடிவந்து சேர்ந்து இழுக்கும், சேர்ந்து உண்ணும்.

குஞ்சுகள் பொரித்ததும் தாய் தான் தின்றதைக் கக்கி ஊட்டுகிறது. ஊட்ட ஒன்றும் மிஞ்சாதபோது தன்னையே தின்னக் கொடுக்கிறது. குஞ்சுகளில் பல அந்தப் புதரைவிட்டுப் போவதில்லை. தாய் நூற்ற நூலின் மேலேயே அவையும் நூற்கத் தொடங்குகின்றன.