வெயிலில் மெலியும் ஈஸ்டர் முட்டை

சாந்தோம் பேராலயத்தில் பாஸ்கா திருவிழிப்புப் பூசை முடிந்த மறுநாள், சென்னையில் ஈஸ்டர் முட்டை என்றால் பெரும்பாலும் பேக்கரி முட்டைதான்: சாக்லேட்டிலோ, முந்திரி மார்சிபானிலோ செய்தது. நிஜமான முட்டையை அவித்துச் சாயமேற்றும் வீடுகள் குறைவு. ஆனால் அறிவியல் பார்வையில் அந்த நிஜ முட்டைதான் சுவாரசியமானது.

ஈஸ்டர், மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறு. ஐரோப்பாவில் அது வசந்தம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் அது பங்குனி, சித்திரை வெயில். இந்த வேறுபாடு முட்டை ஓட்டிலேயே தெரியும்.

வெளிச்சக் கணக்கு

கோழி முட்டையிட வெளிச்சம் வேண்டும். கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டை ஊடுருவிப் போகும் வெளிச்சத்தையும் அதன் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உணர்கிறது. பகல் நீள நீள, அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞை சினைப்பையை முடுக்கிவிடும். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. அந்தக் காலத்துக் கோழிகள் குளிர்காலத்தில் ஓய்ந்து, வசந்தத்தில் மீண்டும் முட்டையிட்டன. அப்போது பார்த்துத் தவக்காலம். இடைக்கால ஐரோப்பாவில் அந்நாட்களில் இறைச்சியோடு முட்டைக்கும் தடை இருந்தது. நோன்பு மனிதருக்குத்தானே, கோழிக்கு ஏது? குவிந்த முட்டைகளை அவித்து, சாயமேற்றி, நோன்பு முடிந்ததும் உண்டார்கள்.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். மிக நீண்டதும் 13ஐத் தொடாது. போதாததற்கு, பண்ணைகளில் விளக்குப் போட்டு வெளிச்ச நேரத்தை 16 மணிவரை நீட்டுகிறார்கள். அதனால் நாமக்கல் முட்டைக்கு வசந்தமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. இங்கே விற்பனை சரிவது புரட்டாசியில்தான். அதற்குக் காரணம் கோழியல்ல, நாம்.

மூச்சில் கரையும் ஓடு

வெளிச்சத்துக்கு அசையாத நம்மூர்க் கோழி, வெயிலுக்கு அசைந்துவிடும். முட்டை ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அதை உருவாக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். தீவனத்திலும் எலும்பிலும் இருந்து வருவது கால்சியம்; கார்பனேட்டோ கோழியின் உடலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு ஏறினால் நாயைப் போல வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்கக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ரத்தத்தில் பைகார்பனேட் குறையும். தீவனமும் சரியாக எடுக்காது. விளைவு, ஓடு மெலியும். கோடையில் பண்ணையாளர்கள் தீவனத்தில் கிளிஞ்சல் சேர்ப்பதும், தண்ணீரில் சோடா உப்புக் கலப்பதும் இதற்காகத்தான்.

எனவே ஏப்ரல் முட்டையை அவிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததைக் கொதிநீரில் போட்டால் விரிசல் விழும். தண்ணீரோடு சேர்த்தே மெல்லச் சூடாக்குவது நல்லது.

வினிகர் எதற்கு?

சாயமிடும்போது வெந்நீரில் ஒரு கரண்டி வினிகர் சேர்ப்பது வழக்கம். முட்டையை அதில் இறக்கியதும் ஓடு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். அமிலம் ஓட்டை அரிப்பதால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அது: கோழி ஓட்டுக்குள் கட்டிவைத்த அதே வாயு. ஓட்டின் மேல் மெல்லிய புரதப் படலமும் உண்டு. அமிலத்தில் அந்தப் புரதம் நேர்மின்னூட்டம் பெறும். கடையில் விற்கும் உணவுச் சாயங்களின் மூலக்கூறுகளுக்கோ எதிர்மின்னூட்டம். இரண்டும் பற்றிக்கொள்ளும். ஐந்து, பத்து நிமிடம் போதும். ஒரு நாள் முழுக்க வினிகரிலேயே கிடந்தால் ஓடே கரைந்து, வெறும் சவ்வுதான் மிஞ்சும்.

சாயத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதும் இல்லை. வெங்காயச் சருகில் உள்ள குவெர்செட்டின் போன்ற நிறமிகள், சேர்த்து அவித்தால் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை நிறம் தரும். வெள்ளை லெகான் முட்டையில் இது பளிச்சென்று ஏறும். நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டில் ஏற்கெனவே புரோட்டோபார்ஃபிரின் என்ற பழுப்பு நிறமி இருப்பதால் சற்று மங்கும். மஞ்சள்தூள் கரைத்த நீர் நல்ல மஞ்சள் தரும். அந்த மஞ்சள் முட்டையைக் கழுவி உலர்த்தி, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்த நீரில் தூரிகையைத் தொட்டுக் கோலம் வரையுங்கள். தொட்ட இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தி நீரைச் சிவப்பாக்கும் அதே வேதியியல்: காரம் பட்டால் குர்குமின் நிறம் மாறும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிச் சுண்ணாம்பும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது ஓட்டின் பொருளாகவே, மாறிவிடுவதால் சிவப்பு நாளடைவில் மங்கும்.

குழம்புக்கு முன்

கோடை வீட்டில் அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். அவித்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும். ஓட்டின் நுண்துளைகளை மூடியிருந்த படலம் சிதைந்திருக்கும். வெள்ளைக்கருவில் பாக்டீரியாவைத் தாக்கும் லைசோசைம் நொதியும் வெந்து செயலிழந்திருக்கும். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம், 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம் என்பதே பொதுவான வரம்பு. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.

மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதிகம் வெந்ததில், கருவின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்ந்த இரும்பு சல்பைடு அது. வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் அது குறையும். ஓட்டில் சாயமாக இருந்த வெங்காயமும் மஞ்சளும் எப்படியும் குழம்பில் சேரப்போகிறவைதான். அவை கசிந்து வெள்ளைக்கருவில் பட்டிருந்தாலும் கவலையில்லை, கீறிப் போடலாம். பெயின்ட், ஸ்கெட்ச் பேனா, மினுமினுப்புத் தூள் பூசிய முட்டைகளை மட்டும் அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.