ஒரே அகலம், மூன்று ஒளி!

குட்டீஸ்! வீட்டு அலமாரியில் சி.டி., டி.வி.டி., புளூ-ரே தட்டுகள் இருந்தால் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றின் அகலமும் 12 செ.மீ.தான். ஆனால், சி.டி.யில் 700 எம்.பி., ஓரடுக்கு டி.வி.டி.யில் 4.7 ஜி.பி., ஓரடுக்கு புளூ-ரேயில் 25 ஜி.பி. கொள்ளும். எப்படி?

கடைகளில் வாங்கும் பாட்டு, சினிமா தட்டுகளில், சுருள் பாதையில் நுண்ணிய பள்ளங்களாகத் தகவல் பதிந்திருக்கும். அதைப் படிப்பது லேசர் ஒளி. 1982ல் வந்த சி.டி.க்கு 780 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி. 1996ல் வந்த டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. 2006ல் வந்த புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறிதாகும். பள்ளங்களை நெருக்கிப் பதிக்கலாம். தடித்த ஸ்கெட்ச் பேனாவை விட, கூர் சீவிய பென்சிலால் ஒரே பக்கத்தில் அதிகம் எழுதலாம் அல்லவா? அதுபோலத்தான்!

ஒரு வேலை செய்வீர்களா? ஸ்டுடியோவில் பதிந்து தந்த கல்யாண சி.டி.யில் தகவல் இருப்பது சாயப் பூச்சில். வெயில் பட்டால் சாயம் கெடும். அப்பா, அம்மா கல்யாண சி.டி. இருந்தால், நிழலில் வையுங்கள். இந்த வாரமே பென் டிரைவில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் சி.டி. போட இடமே இல்லை!