ஐந்து மணி வாழ்த்துகள் எங்கே போயின?

"உங்க ரேடியோவுல பெரிய ஆளுங்க பேரு மட்டும்தான் வாசிப்பீங்களா, அக்கா?"

நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஒலிபரப்புக்கூடத்திலிருந்து வெளியே வந்த நான், காலை பத்தே காலுக்கு எடுத்த அழைப்பு அது. பேசியவர் ஜொகூர் பாருவில் இருப்பவர். தினமும் விடியற்காலை நான்கரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அன்று அவருடைய அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். பேருந்துக்கு வரிசையில் நின்றபடியே கைப்பேசியில் எங்கள் வாழ்த்துப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார். வீட்டில் அப்பா ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை சமையலறை வானொலிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பசியாறக்கூட எழுந்திருக்கவில்லையாம்.

பெயர் வரவில்லை.

"உங்க லைன்ல ஏதாவது பிரச்சினையா இருக்கும்மா" என்று சமாளித்தேன். ஆனால் அவர் கைப்பேசியில் 'உங்கள் வாழ்த்து கிடைத்தது, நன்றி' என்ற பதில் வந்திருந்தது. அந்தப் பதிலை எழுதியவளே நான்தான். அந்தப் படிவத்தையும் அதற்குப் பின்னால் ஓடும் நிரலையும் எழுதியவளும் நான்தான்.

நான் படித்தது ஊடகத்துறை. கணினிக்கும் எனக்கும் ஒலித்தொகுப்பு அளவுக்குத்தான் பழக்கம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டுக்குள் முடங்கியபோது, பலர் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார்கள். நான் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டேன். பிறகு அதை எங்கேயாவது பயன்படுத்த வேண்டுமே என்ற ஆசையில் செய்ததுதான் இந்த வாழ்த்துப் படிவம். நேயர் யாருக்கு வாழ்த்து, என்ன செய்தி என்று எழுதி, 'இன்று' அல்லது 'நாளை' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நிரல் அதைத் தேதிவாரியாக அடுக்கி வைக்கும். காலையில் ஒலிபரப்புக்கூடத் திரையில் அன்றைய பட்டியல் வரும். நான் வாசிப்பேன்.

பல மாதங்கள் ஒழுங்காகத்தான் ஓடியது. நிலையத்தின் ஒரு மூலையில் கிடந்த பழைய மடிக்கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினி சூடாகி அடிக்கடி நின்றுபோனதால், மாதக் கட்டணத்துக்கு ஒரு சர்வரை எடுத்து அதற்கு மாற்றினேன். அதன் பிறகுதான் இப்படி ஒரு புகார், இரண்டு புகார். எல்லாருக்கும் நடக்கவில்லை. முதல்நாள் இரவு 'நாளை' என்று அனுப்பியவர்களின் பெயர்கள் வந்தன. நிகழ்ச்சியின் நடுவில் எட்டரைக்கு, ஒன்பதுக்கு அனுப்பியவர்களின் பெயர்களும் வந்தன. திரை நிறையப் பெயர்கள் இருந்ததால், இல்லாத பெயர்களைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பத்து வாழ்த்துகள் நானே அனுப்பிப் பார்த்தேன். பத்தும் சரியாக விழுந்தன. இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் கிடையாது. நீங்கள் பார்க்கும்போது ஒழுங்காக நடந்துகொள்ளும். முதுகைக் காட்டினால் சேட்டை செய்யும். வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்களே, அந்த மாதிரி.

புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் 'கன்சோல் லாக்' என்ற கட்டளையைப் போட்டேன். நிரல் அந்த வரியைக் கடக்கும்போது நாம் சொன்னதைத் திரையில் எழுதும். நான் எழுதச் சொன்னவை: 'வந்தாச்சு', 'இங்கேயும் வந்தாச்சு', '2', '2பி', 'ஐயோ'. அரை மணி நேரத்தில் திரை முழுக்க 'வந்தாச்சு'. எங்கே வந்தது, எப்போது வந்தது, யாருடைய வாழ்த்தோடு வந்தது, ஒன்றும் தெரியாது. அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த புகார் வந்ததும் மறுபடி எழுதினேன்.

என் தம்பி மென்பொருள் துறையில் இருக்கிறான். சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். 'ஐயோ'வைப் பார்த்து ஐந்து நிமிடம் சிரித்தான்.

"அக்கா, உங்க ஸ்டூடியோ மிக்சர்ல எத்தனை ஃபேடர் இருக்கு?"

"இருக்கும்டா, ஒரு பன்னிரண்டு."

"எல்லாத்தையும் எப்பவும் தூக்கி வச்சிருப்பியா? வேணும்கிறதை மட்டும்தானே தூக்குவ? ஒவ்வொண்ணுக்கும் கீழ பேர் ஒட்டியிருக்கும்ல? இதுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு."

அவன் காட்டியதுதான் 'டிபக்' என்ற குட்டிக் கருவி. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் உலகத்தில், டிஜே ஹோலோவேசுக் என்ற நிரலாளர் 2011இல் வெளியிட்டது. மிகச் சிறியது. அது தன் வேலைக்கு நம்பியிருக்கும் வேறு தொகுப்பு ஒன்றே ஒன்றுதான். அதுவும் மில்லிசெக்கண்டுகளை மனிதர்களுக்குப் புரியும்படி எழுதித்தரும் ஒரு துணுக்கு.

வேலை செய்யும் விதம் இதுதான். ஒவ்வொரு குறிப்பு வரிக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். நான் 'வாழ்த்து:வரவு', 'வாழ்த்து:தேதி', 'வாழ்த்து:பட்டியல்' என்று மூன்று பெயர்கள் வைத்தேன். (தமிழில் வைக்கலாமா என்று கேட்டேன். "வை, அது பாட்டுக்கு ஓடும்" என்றான். ஓடியது.) இந்த வரிகளை நிரலுக்குள்ளேயே நிரந்தரமாக விட்டுவிடலாம். சாதாரண நாளில் அவை வாயே திறக்காது. சிக்கல் வரும் நாளில், நிரலைத் தொடங்கும்போது 'டிபக்=வாழ்த்து:தேதி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தக் குறிப்புகள் மட்டும் பேசும். கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் 'வாழ்த்து' என்று தொடங்கும் எல்லாமே பேசும். வேண்டாததற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அது மட்டும் வாயை மூடிக்கொள்ளும். திரையில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறம். போன குறிப்புக்கும் இந்தக் குறிப்புக்கும் இடையில் எத்தனை மில்லிசெக்கண்டு ஆனது என்பதும் வரியின் கடைசியில் வரும். இதே கருவி உலாவிக்குள்ளும் ஓடும் என்பதால், சர்வர் என்ன நினைக்கிறது, ஒலிபரப்புக்கூடத் திரை என்ன கேட்கிறது என்று இரண்டு பக்கமும் பார்க்க முடியும்.

குறிப்பு எழுதுவது எப்படி என்பதற்கு, கணினி உலகத்தின் புகழ்பெற்ற பூச்சியையே தம்பி உதாரணம் காட்டினான். 1947 செப்டம்பர் 9இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. இயக்கியவர்கள் அதை எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். நிரல் பிழையைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். உண்மையில் பொறியாளர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அப்படிச் சொல்லிவந்தார்கள். எனக்குப் பிடித்தது பூச்சி அல்ல, அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் வரி. நேரம் 15:45, எஃப் பலகை, 70ஆம் ரிலே, உள்ளே அந்துப்பூச்சி. எப்போது, எங்கே, என்ன. 'ஐயோ' இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவே குறிப்புகளை மாற்றி எழுதினேன். ஆனால் மாலையில் சோதித்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்பது தெரியும். அந்த ஜொகூர்ப் பெண் அனுப்பிய நேரத்திலேயே அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை, 18ஆம் தேதி. காலை ஐந்து மணிக்கு நிலையத்துக்குப் போகும் வழியில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு என் பாட்டியின் பெயருக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேன். 'இன்று' என்று தேர்ந்தெடுத்தேன். நிலையத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சர்வரின் குறிப்புக் கோப்பைத் திறந்தேன்.

கோப்பில் நிறங்கள் இல்லை. திரைக்குப் பதிலாகக் கோப்பில் எழுதும்போது இந்தக் கருவி நிறங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியையும் நேரத்தையும் போடும். அங்கே இருந்தது: 17ஆம் தேதி, 21:05. கடைசியில் 'இசட்' என்ற ஓர் எழுத்து. அதற்குக் கீழே 'வாழ்த்து:தேதி' என்ற பெயரில் என் சொந்தக் குறிப்பு: இந்த வாழ்த்துக்கான நாள், 17.

சர்வரின் கடிகாரம் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டு நிகழ்ச்சிக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்கு அவனிடமிருந்து ஒரே வரி: "கடைசியில இருக்கிற இசட்டைப் பாத்தியா?"

'இசட்' என்றால் அனைத்துலகப் பொது நேரம். விமானிகளும் மாலுமிகளும் 'ஸூலு' என்று சொல்வது இதைத்தான். நான் வாடகைக்கு எடுத்த சர்வர் அந்த நேரத்தில்தான் வாழ்கிறது. மலேசியா அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே இங்கே நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். அந்த எட்டு மணி நேரத்துக்குள் 'இன்று' என்று அனுப்பிய ஒவ்வொரு வாழ்த்தையும் அது நேற்றைய பட்டியலில் பத்திரமாக வைத்திருக்கிறது. நேற்றைய பட்டியலை யார் திறக்கப் போகிறார்கள்? பழைய மடிக்கணினி கோலாலம்பூர் நேரத்தில் இருந்ததால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. மாலையில் சோதித்தபோதும் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

(இந்த எட்டு மணி நேரமே நமக்கு 1982 ஜனவரி 1இலிருந்துதான். அதுவரை தீபகற்ப மலேசியா ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவு என்று மாற்றினார்கள். சிங்கப்பூரும் கூடவே மாறியது. அந்த அரை மணி நேரம் அப்படியே காணாமல் போனது.)

திருத்தம் சின்னதுதான். சேமிப்பது பொது நேரத்திலேயே இருக்கட்டும். 'இது எந்த நாள்' என்று கணக்கிடும் இடத்தில் மட்டும் கோலாலம்பூர் நேரத்தை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்றான் தம்பி. பத்து நிமிடத்தில் முடிந்தது. மனத்தை உறுத்தியது வேறு. அந்த எட்டு மணி நேரத்துக்குள் யார் வாழ்த்து அனுப்புகிறார்கள்? பாலம் கடக்கிறவர்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள், மருத்துவமனைத் தாதியர். நிதானமாக எழுந்து எட்டரைக்கு அனுப்புகிறவர்களின் பெயர் ஒன்றும் விட்டுப்போகவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வி தவறே இல்லை.

எனக்குத் தம்பியிடம் திட்டும் கிடைத்தது. முதல் நாள் உற்சாகத்தில் படிவத்தில் வருவதை அப்படியே குறிப்பில் எழுதச் சொல்லியிருந்தேன்: அனுப்பியவர் பெயர், கைப்பேசி எண், எல்லாம். "இந்த ஃபைலை யாரெல்லாம் திறக்கலாம்?" என்று கேட்டான். எண்ணிப் பார்த்தால் நான்கு பேர். 2018 மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தன் உள் குறிப்புக் கோப்பில் பதிவாகிவிட்டன என்று சொல்லி, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. யாரும் உடைத்து நுழையவில்லை. அவர்களுடைய நிரலே எழுதி வைத்தது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை நான் வானொலியில் நேயர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதை என் கோப்போடு சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இப்போது வாழ்த்தின் வரிசை எண்ணும் தேதியும் மட்டுமே பதிவாகின்றன. தேட அது போதும்.

நிறையப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பெரிய அமைப்புகளுக்கு இந்தக் கருவி மட்டும் போதாது. எச்சரிக்கை, பிழை என்று தரம் பிரித்து எழுதும் வின்ஸ்டன், பினோ போன்றவை அதற்கு இருக்கின்றன. ஆனால் குட்டி என்று இதைச் சாதாரணமாக எடைபோட முடியாது. இணையத்தளங்கள் பலவற்றின் அடித்தளமான எக்ஸ்பிரஸ் போன்ற தொகுப்புகளுக்குள்ளேயே இது இருக்கிறது. வாரத்துக்கு 30 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்படுகிறது. பயன்படுத்துகிறோம் என்று தெரியாமலே பயன்படுத்துகிறவர்கள் அதில் ஏராளம்.

2025 செப்டம்பர் 8இல் அதுவே வினையானது. இதைப் பராமரிக்கும் ஒருவருக்கு, என்பிஎம் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து வருவதுபோல ஒரு போலி மின்னஞ்சல்: உங்கள் இரட்டைச் சரிபார்ப்பைப் புதுப்பியுங்கள். அவர் ஏமாந்தார். கணக்கைக் கைப்பற்றியவர்கள் டிபக்கின் 4.4.2 என்ற பதிப்பிலும் வேறு பதினேழு தொகுப்புகளிலும் நச்சு நிரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். உலாவியில் மின்னிலக்க நாணயம் அனுப்புகிறவர்களின் பணத்தைத் திசைதிருப்பும் நிரல் அது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அது இரவு. தம்பி அழைத்துச் சொன்னதும் என் நிரலில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஓடிப் பார்த்தேன். பழையது. அன்று சோம்பேறித்தனம் காப்பாற்றியது. இப்போது பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்து, தெரிந்தே மட்டும் மாற்றுகிறேன்.

திருத்தம் முடிந்த அன்றே பழைய பட்டியல்களைத் தோண்டினேன். நேற்றைய தேதிகளின் கீழ், வாசிக்கப்படாமல் 43 வாழ்த்துகள் கிடந்தன. ஒவ்வொருவருக்கும் நானே செய்தி அனுப்பி, தவறு என்னுடையது என்று சொல்லி, தாமதமாக வாசிக்கலாமா என்று கேட்டேன். சிலர் வேண்டாம் என்றார்கள். பலர் சரி என்றார்கள். ஜொகூர்ப் பெண், அப்பாவிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று வீட்டு எண்ணைக் கொடுத்தார்.

நேரலையில் அழைத்தோம். வாழ்த்தை வாசித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் வானொலியின் எதிரொலி மட்டும்.

"பொறந்தநாளு முடிஞ்சி பதினோரு நாளாச்சேம்மா" என்றார் பெரியவர். "சரி, பரவால்ல. எம்ஜிஆர் பாட்டு ஒண்ணு போடு. பழசா."